கதைமாந்தர்க்கு ஆசிரியன் பட்ட கடன்

கற்பனையிற் பிறந்த ஒருவனுக்கு அநீதி இழைத்தல் கூடுமோ? இவ்வினா கேட்பார்க்கு முதற்கண் நகைப்பையே விளைக்கும். உடலும் உயிரும் உடையவனுக்கே நியாயம் அநியாயம் என்பன உண்டு. திரையில் ஓடி மறையும் நிழலுக்கு வழக்கு ஏது, வாது ஏது? ஆசிரியன் படைத்தான், ஆசிரியனே அழித்தான். குயவன் தன் பானையைத் தானே போட்டு உடைத்தால் கேட்பதற்கு நாம் யார்? இங்ஙனம் கூறி விஷயத்தை முடித்துவிடுவார் பலர்.

குயவன் பானையைத் தன் குடிசையில் வைத்து உடைப்பானாயின் கேட்பார் இலர், உண்மையே. ஆயின், சந்தையில் அதனை விற்று விலையும் பெற்றுக்கொண்டு, வாங்கியவன் அதிற் சோறு சமைத்துக்கொண்டிருக்கும்போது வந்து உடைப்பானாயின், ஊரார் வாளா இருப்பரோ? கதை என்பது ஆசிரியன் வீட்டுப் பரணில் கிடக்கும் பொருளன்று. அது பிறருடைய நெஞ்சிற் குடிவைக்கப்பட்ட பொருள். “இவனை நேசி, இவளுக்காக அஞ்சு, இவர்கள் அடுத்த வாரம் என்ன ஆவார்களோ என்று ஏங்கு” எனப் பார்ப்பவனை அழைத்தவன் ஆசிரியனே. அன்பைக் கேட்டு வாங்கியவன் கடன்பட்டவன் ஆகானோ? அநீதி நிகழுமாயின் அது நிழலுக்கு நிகழ்வதன்று. நிழலை நம்பியவனுக்கு நிகழ்வது.

இதனை ஆராய்தற்குப் பெருங்காப்பியங்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. ஜப்பான் நாட்டுத் தொலைக்காட்சியில் சிறுவர் பொருட்டு வாரந்தோறும் காட்டப்பெறும் வீரக்கதைத் தொடர்களே போதும். இவற்றுள் மூன்று குலங்கள் புகழ்பெற்றவை. 1966 ஜூலையில் தொடங்கிய ‘அல்ட்ராமேன்’ வானுலகினின்றும் வந்த பேருருவினனின் கதை. 1971 ஏப்ரலில் தொடங்கிய ‘கமென் ரைடர்’ முகமூடி தரித்து மோட்டார் சைக்கிளில் விரையும் வீரனின் கதை. 1975-இல் ‘கோரேஞ்சர்’ என்ற பெயரால் தொடங்கியது, வண்ணத்திற்கு ஒருவராய் ஐவர் கூடிப் போரிடும் ‘சூப்பர் சென்டாய்’ என்னும் படைக்கதை. பின்னிரண்டையும் தோற்றுவித்தவர் இஷினோமோரி ஷோடாரோ என்னும் படக்கதை ஓவியர். அல்ட்ராமேனை நம் மலேசிய சிங்கப்பூர்ச் சிறுவர் நன்கு அறிவர். பொம்மையாகவேனும், சட்டையில் அச்சிட்ட உருவாகவேனும் அவன் நுழையாத கடைத்தெரு அரிது.

“இவை பிள்ளை விளையாட்டு; இவற்றில் அறவிசாரணை எற்றுக்கு?” எனின், பிள்ளைகள் பார்ப்பதாலேயே விசாரணை வேண்டும் என்போம். இக்காலத்தில் இத்தகைய தொடர் ஒன்று ஏறக்குறைய ஓர் ஆண்டு ஓடும். ஐம்பது வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு வயதுச் சிறுவனுக்கு ஓராண்டு என்பது அவன் வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. அறுபது வயது முதியவரிடம் பத்தாண்டுக் கவனத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முடிவில் வெறுங்கையை விரித்துக் காட்டினால் அவர் என்ன சொல்வார்? சிறுவனுக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவே வேறுபாடு.

வழக்கிற்கு முதற் சாட்சியாக ஒரு பெண்ணை அழைப்போம்.

‘கமென் ரைடர்’ வரிசையில் ஐந்தாவது தொடர் ‘ஸ்ட்ராங்கர்’. 1975 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 39 வாரம் ஓடியது. ஜோ ஷிகெரு என்னும் இளைஞன் கொடியோர் கூட்டமொன்றிற் புகுந்து, உடல் மாற்றப்பெற்று, மின்னாற்றல் கொண்ட வீரனாகித் தப்பி வருகிறான். வரும்போது, அக்கூட்டத்தாரால் அவ்வாறே உடல் மாற்றப்பட்ட மிசாகி யூரிகோ என்னும் மங்கையையும் மீட்டு வருகிறான். அவளும் உருமாறுவாள்; பொறிவண்டின் கோலம் பூண்டு பகைவர்மேற் பாய்வாள்; அவளுக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. அவன் படும் இன்னல் எல்லாம் அவளும் படுகிறாள். ஆயினும் அவளுக்கு ‘ரைடர்’ என்னும் பட்டம் இல்லை. ‘வானலை மாந்தர் டாக்கிள்’ என்றே அவளை அழைத்தனர். சிற்றாட்களை அவள் வீழ்த்துவாள். பெரும்பகைவனை முடிக்கும் பெருமை ஸ்ட்ராங்கருக்கே வாய்க்கும். வாரந்தோறும் இதுவே முறை.

முப்பதாம் வாரத்தில் அவள் மாள்கிறாள். டாக்டர் கேட் என்னும் பகைவியின் நஞ்சு அவள் உடம்பில் ஏறிவிட்டது. தான் பிழையாள் என்பதை உணர்ந்தவள், அதனை ஷிகெருவுக்கு உரையாமல், என்றேனும் உலகில் அமைதி நிலவுமாயின் இருவரும் எங்கேனும் தொலைவில் ஓர் அழகிய இடத்திற்குச் செல்லலாம் என்ற தன் ஆசையை மட்டும் சொல்லி வைக்கிறாள். பின்னர்த் தன் உயிரையே விலையாகக் கொள்ளும் இறுதி வித்தையைப் பயன்படுத்தி, டாக்டர் கேட்டைத் தன்னோடு கொண்டு செல்கிறாள். அவ்வளவு வாரங்களும் பெரும்பகையை முடிக்கும் பெருமை பெறாதவள், சாகும் நாளில் அதனைப் பெற்றாள்.

இந்தச் சாவை நாம் குறை கூறவில்லை. அது நன்கு எழுதப்பட்ட சாவு. அக்காலத்துச் சிறுவர் பலர் முதியவரான பின்னரும் அதனை மறந்திலர். குறை அதற்குப் பிறகே தொடங்குகிறது. முந்தைய தொடர்களின் ரைடர் அறுவரும் ஒருவர்பின் ஒருவராய் வந்து சேர்கின்றனர். இறுதி வாரத்தில் எழுவராய் அணிவகுத்து, எழுவர் பெயரும் முழங்க, பகைவர் தலைவனை எதிர்க்கின்றனர். எழுவர்! அவளைச் சேர்த்து எண்ணினால் எண்மர் ஆவர் என்பது எண்ணியவர்க்குத் தோன்றவில்லை. அன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்திருப்பாளாயின், எட்டாம் விரல் மடங்காமல் நின்றிருக்கும். போராடலாம், நஞ்சுண்ணலாம், உயிரும் கொடுக்கலாம். கணக்கில் மட்டும் வரலாகாது என்னும் பாடம், எவரும் வாய்திறந்து கற்பிக்காமலே, அவள் நெஞ்சில் இறங்கியிருக்கும்.

“அக்காலம் அத்தகையது” என்று சமாதானம் கூறுவார் உளர். காலத்தின்மேற் பழிபோடுவது யாண்டும் எளிது. காலம் எழுந்துவந்து மறுத்துரையாது. ஆயின் இவ்விடத்தில் மறுத்துரைக்கச் சான்று உண்டு. ‘ஸ்ட்ராங்கர்’ தொடங்கிய நாள் 1975 ஏப்ரல் 5. ‘கோரேஞ்சர்’ தொடங்கியதும் அதே 1975 ஏப்ரல் 5. இரண்டிற்கும் மூலவர் இஷினோமோரியே; இரண்டையும் எடுத்ததும் தோயே நிறுவனமே. கோரேஞ்சரில் ஐவருள் ஒருத்தி பெண். வெடிகுண்டு வித்தையில் தேர்ந்தவள். ஐவர் என்று எண்ணும்போதெல்லாம் அவளும் எண்ணப்பட்டாள். ஒரே நாளில், ஒரே மூலவர் பெயரால், ஒருத்தி கணக்கில் வந்தாள், மற்றொருத்தி வந்திலள். காலத்திற்கு இதில் என்ன பங்கு? ரைடர் என்ற பெயரை ஒரு பெண் பெறுவதற்கு 2002-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்று வரவேண்டியிருந்தது. அப்படத்திலேயே அவளும் மாண்டாள் என்பது வேறு கதை.

நிற்க. இவ்விடத்தில் கூரிய மதியினர் ஒருவர் எழுந்து, “உலக வாழ்வே வீணாதல் நிறைந்தது அன்றோ? ஆற்றல் மிக்கார் பாதியில் மடிகின்றனர். நல்லார் நினைப்பாரின்றி மறைகின்றனர். உள்ளதை உள்ளவாறு காட்டும் கதை, வீணாய்ப் போனவரையும் காட்டத்தானே வேண்டும்?” என்று வினவலாம். மிக நல்ல வினா. இதற்கு விடையாக இன்னொரு சாவைக் காட்டுவோம்.

‘ஜெட்மேன்’ என்னும் சென்டாய்த் தொடர் 1991 பிப்ரவரி முதல் ஓராண்டு, 51 வாரம் நடந்தது. முதன்மையாக எழுதியவர் இனோவே தோஷிகி. ஐவருள் யூகி காய் என்பவன் ஒட்டாத தன்மையன். குடியும் சூதும் விரும்புவான். தலைவன் டென்டோ ரியூவோடு பகைத்துப் பகைத்தே நண்பன் ஆனவன். கவோரி என்னும் தோழியை அவன் நேசித்தான், அந்நேசம் நிலைக்கவில்லை. இறுதி வாரத்தில் பெரும்போர் முடிந்து மூன்றாண்டுகள் கழிகின்றன. ரியூவுக்கும் கவோரிக்கும் திருமணம். அதற்குப் புறப்பட்ட காய், வழியில் ஒரு பெண்ணின் கைப்பையைத் திருடன் பறிப்பதைக் கண்டு, துரத்திப் பிடித்து மீட்டுக் கொடுக்கிறான். திருடன் அவனைக் கத்தியாற் குத்திவிடுகிறான். உலகை விழுங்க வந்த கொடியோரை வென்றவன், பெயரறியாத ஒரு பைத்திருடன் கையால் விழுகிறான். குருதி தெரியாமல் மறைத்துக்கொண்டு திருமண வீட்டிற்குச் சென்று, விசுப்பலகையில் அமர்ந்து, நண்பரின் களிப்பைக் கண்டவாறே உயிர் விடுகிறான். மணமக்கள் படமெடுத்துக்கொள்ள நிற்கின்றனர். அவன் இறந்தது அவர்களுக்குத் தெரியாது.

இதனினும் வீணான சாவு வேறு உண்டோ? எனினும் இதைப் பார்த்தோர் ஏமாற்றப்பட்டதாக உணரார். ஏன்? இக்கதை வீணாதலைக் காட்டுகிறது, தான் வீணாக்கவில்லை. காய் எத்தகையவன் என்று 50 வாரம் சொல்லி வந்தார்களோ, அத்தகையவனாகவே மாள்கிறான். பிறர் துயரைக் கண்டு ஓடாமல் நிற்க அவனால் இயலாது. தன் துயரைப் பிறர்க்குக் காட்டவும் இயலாது. இவ்விரண்டும் அந்த ஒரு பகற்பொழுதில் அடங்கியுள்ளன. நண்பர் அவனைக் காணாவிடினும் ஆசிரியர் காண்கிறார். நம்மையும் காணச் செய்கிறார். டாக்கிளையோ, இறந்த பின்னர், அவளுடைய ஆசிரியர்களே காணாமல் விட்டனர். உலகம் ஒருவனை மறப்பது கதைக்குப் பொருள் ஆகலாம். கதையே மறந்துவிடுமாயின், எடுத்துரைக்க எஞ்சுவார் யார்?

தோல்வியில் முடிவதனாலும் முடிவு குறைபட்டு விடாது. 1967 ஏப்ரலில் நிறைவுற்ற ‘அல்ட்ராமேன்’ கதையில், 39-ஆம் வாரத்தில் அவ்வீரன் ஜெட்டன் என்னும் விலங்கிடம் தோற்று வீழ்கிறான். ஜெட்டனை அழிப்பவர் மனிதரே. அதுவரை அவன் நிழலில் நின்று உதவி வந்த படையினரே. தம் உலகைத் தாமே காத்துக்கொள்ளுதல் வேண்டும் என்னும் எண்ணம் இதனால் விளங்குகிறது. நமக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு: அவ்வீரனுக்கு உடலைத் தந்த ஹயாடா, எல்லாம் முடிந்தபின், ஓராண்டில் நிகழ்ந்தது எதனையும் நினைவிற் கொண்டிலன். அவன் நினைவு போவதற்கு அவனைக் கேட்டாரில்லை.

ஒரு பாத்திரம் வீணானதா அன்றா என்பதை அது திரையில் நின்ற நாழிகையைக் கொண்டு அளப்பதும் தவறு. 2002-இல் தொடங்கிய ‘கமென் ரைடர் ரியூகி’யில் பதின்மூன்று ரைடர்கள் ஒருவரையொருவர் கொன்று, எஞ்சும் ஒருவன் தன் விருப்பம் நிறைவேறப் பெறுவான் என்பது கதை. வாரத்தொடரில் வந்தவர் பதின்மரே. இருவர் திரைப்படத்தில் மட்டும் வந்தனர். ஒருவன் தனிச் சிறப்பு நிகழ்ச்சியில் மட்டும் தலைகாட்டினான். எண்ணிக்கையை நிரப்பப் பிறந்தவர் என்று இம்மூவரைக் கூறினால் மிகையாகாது. ஆயின் அத்தொடரிலேயே சானோ மிட்சுரு என்பவன் ஒருவன் உளன். இறுதிப் பகுதியில் வந்து சில வாரங்களில் மறைகிறான். வீரனும் அல்லன், தீயனும் அல்லன். கூலிக்குப் போரிட்டுச் சுகமாய் வாழ விரும்பிய சாமானியன். போருக்கு வெளியிலேயே அவன் விரும்பிய யாவும் கைகூடுகின்றன: தந்தையின் வாணிகம் கிட்டுகிறது, அன்புடைய நங்கை ஒருத்தி கிட்டுகிறாள். இனிப் போர் வேண்டா என்று விலக முயல்கிறான், விலக வழியில்லை. வஞ்சிக்கப்பட்டு, ரைடர் ஆற்றலைத் தந்த கருவி உடைந்து, கண்ணாடிக்குள் இருக்கும் உலகத்தில் அகப்பட்டு, கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் அந்நங்கையைக் கண்டவாறே, வெளியே விடுமாறு தட்டித் தட்டிக் கரைந்து போகிறான். சில வாரமே வந்தவன். கண்ட எவரும் அவனை மறப்பதில்லை. ஐம்பது வாரமும் தலைவனுக்குப் பின்னே நின்று தலையசைத்துவிட்டுப் போகும் பாத்திரங்களை நினைத்தால், சானோ பேறு பெற்றவன்.

‘ரியூகி’யின் முடிவு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், அது நேர்மையாளரையும் இரு கூறாக்கும் முடிவு. போரை நிறுத்த வேண்டும் என்பதையே விரும்பிய கிடோ ஷின்ஜி, இறுதிக்கு முந்தைய வாரத்தில், ஒரு சிறுமியைக் காக்கப் புகுந்து மாள்கிறான். தலைவன் இல்லாமலே இறுதி வாரம் நடக்கிறது. முடிவில் உலகம் புதிதாக ஆக்கப்பட்டு, மாண்டோர் யாவரும் ஒருவரையொருவர் அறியாத சாதாரண மனிதராய்த் தெருவில் நடமாடுகின்றனர். அவர்கள் பட்ட பாடு யாருக்கும் நினைவில்லை, அவர்களுக்கே நினைவில்லை. இது கருணையா, கணக்கை அழித்தலா? போரே வீண் என்று கூறவந்த கதைக்கு இதனினும் பொருந்திய முடிவு இல்லை என்பது ஒரு சாரார் வாதம். நாம் அதற்குப் பெரும்பாலும் உடன்படுகிறோம்.

உடன்பட மறுப்பது வேறொன்றற்கு. அதே 2002 செப்டம்பரில் வந்த அச்சிறப்பு நிகழ்ச்சியில், போரைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைத் தொலைபேசி வாயிலாகப் பார்ப்போரிடமே விட்டுவிட்டனர். இரு முடிவுகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ‘தொடர்க’ என்பதே வென்றது. வேடிக்கை என்று கொண்டால் வேடிக்கைதான். ஆயின் எழுதுவோன் முடிவைச் சொல்லாது, “உங்களுக்கு எது வேண்டும்?” என்று கேட்பானாயின், அவன் கதை சொல்லுகிறானா, கடை நடத்துகிறானா? மருத்துவர் நோயாளியைப் பார்த்து, “என்ன நோய் இருப்பதாகச் சொல்லட்டும்?” என்று கேட்டல் தகுமோ? முடிவு என்பது ஆசிரியன் தன் கதையைப் பற்றித் தான் உண்மை என்று நம்புவதைச் சொல்லும் இடம். அங்கே அவன் பிறர்பின் ஒளியலாகாது.

இதனினும் கீழான செயல் 2009-இல் நடந்தது. ‘கமென் ரைடர் டிகேட்’ என்னும் தொடர், முன்னைய ரைடர்களின் உலகங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து செல்லும் ஒருவனின் கதை. ஜனவரியில் தொடங்கி, 31-ஆம் வாரமாகிய ஆகஸ்டு 30 அன்று இறுதி என்று அறிவிக்கப்பட்டது. அன்று என்ன காட்டினர்? போர் மூண்டது, தோழன் ஒருவன் துப்பாக்கியை நீட்டினான், நின்றது. எஞ்சியது டிசம்பரில் திரைப்படமாக வரும் என்ற விளம்பரம் தொடர்ந்தது. டிசம்பர் 12-இல் படம் வந்தது. கட்டணம் செலுத்தினோர் முடிவைக் கண்டனர். செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் துப்பாக்கி வாயே முடிவு. இனிமேல் ஒரு தொடர் தொடங்குங்கால், “முடிவு வேண்டுவோர் தனியே பணம் கட்டுக” என்று முதல் வாரத்திலேயே எழுதிக் காட்டிவிடுதல் நாணயமான வழி. அப்படத்தில் டாக்கிளையும் வேறொரு நடிகையைக் கொண்டு மீண்டும் அழைத்து வந்தனர் என்பதை இங்கே குறித்து வைக்கிறோம். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னேனும் அவளை ஒருவர் நினைத்தாரே!

“இவற்றை எழுதுவோர் கைகள் கட்டப்பட்டவை. பொம்மை விற்கும் நிறுவனம் பணம் கொடுக்கிறது. புதுப் பொம்மை வரும் மாதத்தில் புது வீரன் பிறந்தே ஆகவேண்டும். பழையவன் ஒதுங்கி நிற்க வேண்டும். நடிகர் நோயுறுவர், எழுத்தாளர் மாறுவர். இத்தனைக்கும் நடுவே அறம் பேசலாமோ?” என்பது இறுதித் தடை. இவையெல்லாம் உண்மையே. ஆயின், தவறு ஏன் நேர்ந்தது என்று விளக்குவது ஒன்று. தவறே அன்று என்பது மற்றொன்று. கட்டுண்ட கைகளாலும் கடன் தீர்த்தவர் உளர் என்பதற்கு முதற் ‘கமென் ரைடர்’ தொடரே சான்று.

1971-இல் அத்தொடர் தொடங்குவதற்கு முன்பே, தலைவன் ஹோங்கோ டகேஷியாக நடித்த ஃபுஜியோகா ஹிரோஷி, படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிள் விபத்துக்கு உள்ளாகிக் காலெலும்பு முறிந்து மருத்துவமனையிற் கிடந்தார். எடுத்து வைத்த காட்சிகளை ஒட்டுப்போட்டுச் சில வாரம் ஓட்டினர். பிறகு செய்வதென்ன? ஹோங்கோ இறந்தான் என்று முடித்துவிட்டுப் புதியவனைக் கொண்டுவரலாம் என்ற யோசனையும் எழுந்தது. எளிய வழி அதுவே, செலவும் இல்லை. அவ்வழியை அவர்கள் கொள்ளவில்லை. நேசித்த வீரனை ஒரு வாரத்தில் கொன்றுவிட்டால் சிறுவர் மனம் என்னாகும் என்று எண்ணினர். 14-ஆம் வாரத்தில் இச்சிமோஞ்சி ஹயாடோ என்னும் இரண்டாம் ரைடர் வந்தான். ஹோங்கோ பகைவரைத் தொடர்ந்து வெளிநாடு சென்றிருக்கிறான் என்றனர். அவ்வளவே. ஒரு வாக்கியம்! நடிகர் தேறி எழுந்தார். 1972 ஜனவரி முதல் நாள், 40-ஆம் வாரத்தில் ஹோங்கோ திரும்பி வந்து ஹயாடோவின் அருகில் நின்றான். இருவரும் தோளோடு தோள் நின்ற அக்காட்சியே பின்வந்த ரைடர் குலம் முழுவதற்கும் வித்து. அந்த ஒரு வாக்கியத்திற்கு ஈடாக அவர்கள் பெற்றது ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட வாழ்வு. வந்த புதியவனையும் அவர்கள் வெறும் பதிலாளாக நடத்திற்றிலர். கையை வீசி “ஹென்ஷின்” என்று கூவி உருமாறும் முறை அவனிடமே தோன்றி ஜப்பானியச் சிறுவரிடையே பரவிற்று.

இதற்கு மாறானது 2005-இல் தொடங்கிய ‘ஹிபிகி’. முற்பகுதி மிக நிதானமானது. அசுமு என்னும் பள்ளிச் சிறுவன், ஹிபிகி என்னும் பெரியவரின் அருகிலிருந்து, பெரியவனாதல் என்றால் யாது என்பதைக் கற்று வருகிறான். அவர் போரிடுவார்; அவன் போரிடான்; போரிடாதவனும் தன் வழியைத் தானே கண்டுகொள்ளலாம் என்பதே கதையின் உயிர். 30-ஆம் வாரம் தொடங்கித் தயாரிப்பாளரும் எழுத்தாளரும் மாற்றப்பட்டனர். வந்தவர் வேறு யாருமல்லர், யூகி காய்க்கு அச்சாவை எழுதிய அதே இனோவே தோஷிகிதான். ஒரே கையால் இரண்டும் விளையும் என்பதை அறிக. உடனே கியோசுகே என்னும் செருக்குடைய மாணவன் நுழைந்தான். கதை, யார் சீடன் ஆவது என்னும் போட்டியாயிற்று. முடிவில் சீடனானவன் கியோசுகே. அசுமு மருத்துவப் பாதையை நாடி விலகுகிறான். அம்முடிவு முற்பகுதிக்கும் பொருந்துவதே; ஆயின் அதற்கு அவன் எங்ஙனம் வந்து சேர்ந்தான் என்பதைக் காட்ட வேண்டிய வாரங்கள் வேறொருவனுக்குச் செலவாகிவிட்டன. பெரும் பேரழிவை எதிர்த்து ஹிபிகி புறப்படும் போரும் பாதியில் விடப்பட்டு, “ஓராண்டு கழிந்தது” என்று காட்சி தாவுகிறது. விடை சரி, வழிமுறை எழுதப்படவில்லை. கணக்கு ஆசிரியர் இதற்கு எத்தனை மதிப்பெண் இடுவார்?

எழுத்தாளர் மாறியதே காரணம் என்பதும் பொருந்தாது. அதற்கு முந்தைய ஆண்டு, 2004-இல் வந்த ‘பிளேட்’ தொடரிலும் எழுதுவோர் இடையில் மாறினர். முற்பகுதி தள்ளாடிற்று, பிற்பகுதியை ஏற்றவர் சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்துத் தொடுத்தார். அம்முடிவு இது: ஹஜிமே என்பவன் மனித உருவில் வாழும் அழியாப் பிறவி. பிற அழியாப் பிறவிகள் யாவும் ஒடுங்கி அவன் ஒருவனே எஞ்சுவானாயின், உலகில் உயிரினம் இல்லாமற் போகும். அவனோ ஒரு தாயிடத்தும் அமானே என்னும் அவள் சிறுமகளிடத்தும் அன்பு வைத்து, மனிதனாய் வாழக் கற்றுக்கொண்டவன். நண்பனைக் கொல்லவும் மனமின்றி, உலகை விடவும் மனமின்றி நின்ற கென்சாகி, தானும் அத்தகைய பிறவியாக மாறிவிடுகிறான். இருவர் எஞ்சியிருக்கும்வரை போர் முடியாது, உலகம் அழியாது. ஆனால் இருவரும் சந்தித்தால் போரிட்டே தீரவேண்டும். ஆகவே இனி என்றும் சந்திக்கலாகாது. கென்சாகி போய்விடுகிறான். ஹஜிமே அத்தாயோடும் மகளோடும் மனிதனாய் வாழ்கிறான்.

இது துயர முடிவு. ஆயின் இதில் ஒரு காசு பாக்கியில்லை. கென்சாகி தொடக்கத்தில் யாரையும் நம்பி ஏமாறுபவனாய் வந்தான். அந்நம்பும் குணமே இறுதியில் உலகையும் நண்பனையும் ஒருங்கே காத்தது. அதற்குரிய விலையை அவனே கொடுத்தான்.

அங்ஙனம் தீர்ந்த கணக்கை மீண்டும் திறக்கலாமோ என்பதொரு வினா எஞ்சுகிறது. 2019-ஆம் ஆண்டு, ‘ஜியோ’ என்னும் வேறொரு தொடரின் நடுவே, அதே நடிகர் இருவரும் கென்சாகியாகவும் ஹஜிமேயாகவும் மீண்டும் வந்தனர். அமானே வளர்ந்து பெரியவளாகியிருந்தாள். சந்திக்கலாகாதவர் சந்தித்தனர், முடிவில் அச்சாபம் இருவரையும் விட்டு நீங்கிற்று. இருவரும் மனிதர் ஆயினர். இனி ஒரே ஊரில் இருக்கலாம், ஒரே மேசையில் உண்ணலாம். பதினான்கு ஆண்டுகளுக்குமுன் சிறுவராயிருந்து அழுதவர்களுக்கு இது ஆறுதலாயிற்று என்று ஒரு சாரார் மகிழ்ந்தனர். அன்று கென்சாகி கொடுத்த விலையை இன்று திருப்பிக் கொடுத்துவிட்டால், அவன் கொடுத்தது யாது என்று மற்றொரு சாரார் வருந்தினர்.

நாம் இருசாரார் பக்கமும் மாறி மாறிச் சாய்கிறோம். கடனைத் தீர்த்தவனுக்கு அந்தப் பணத்தையே மறுபடி பரிசாகக் கொடுப்பது நன்மையா என்று வழக்கறிஞரைக் கேட்டால் அவர் சிரிப்பார். ஆயினும் அவ்விருவரும் எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் அச்சமின்றிப் பார்த்தபோது, அது தகாது என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை.